கடைமடையிலிருந்து ஒரு நோக்கு: பட்டிப்பளை ஆற்றின் அணையும் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையே கிடக்கும் மணற்றிடரிலே தேற்றாத்தீவு அமைந்துள்ளது. அயலிலுள்ள களுதாவளையைப் போலவே இவ்வூரும் கிணற்று நீரை நம்பிய தோட்டச் செய்கைக்குப் பெயர் பெற்றது. மணலிற் சில முழம் தோண்டினால் நன்னீர் ஊறும். அந்நீரே மிளகாய், கத்தரி, வெற்றிலை ஆகியவற்றை வளர்க்கும். ஆயின், மட்டக்களப்பார் 'வேளாண்மை' என்ற சொல்லாற் குறிப்பது தோட்டத்தையன்று, நெல்லையே. அந்நெல் இக்கரையில் விளைவதில்லை. வாவிக்கு அப்பால், சூரியன் படுகின்ற பக்கத்தே கிடக்கும் படுவான்கரையிலேயே அது விளைகின்றது. எழுவான்கரையிற் குடியிருப்பு, படுவான்கரையில் வயல் என்னும் இவ்விரட்டை வாழ்வு தேற்றாத்தீவுக்கு மட்டும் உரியதன்று. வாவியின் கீழ்க்கரையிலுள்ள ஊர்கள் பலவற்றின் பொது இயல்பு அதுவே. தோணியிலும் பாதையிலும் ஏறி வாவியைக் கடந்து, விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வாடிகளிலே தங்கி, நெல்லுடன் மீண்டு வருவது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தது.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு சொல். தேற்றா என்பது கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டையைத் தரும் மரம். குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையைத் தேய்த்து விட்டால் சேறு அடியிற் படிந்து நீர் தெளியும் என்பது பண்டு தொட்டுத் தமிழர் அறிந்ததே. 'தீவு' என்ற ஈறோ இப்பிரதேசத்தில் அடிக்கடி காணப்படுவது. போரதீவு, மகிழடித்தீவு என்பன போல வரும் இப்பெயர்களுக்கு உரிய தீவுகளை நிலப்படத்திலே தேடினாற் கிடையா. மார்கழி, தை மாத வெள்ளத்தில் வந்து பார்ப்பவருக்கு அவை எளிதிற் புலப்படும். நீர் ஏறும்போது தீவாகவும் நீர் இறங்கும்போது நிலமாகவும் மாறும் ஊர்கள் இவை. ஆகவே இவற்றின் வரலாறு நீரின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

இந்நீரின் வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நேர்ந்த பெருந்திருப்பம், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டப்பட்ட அணையாகும். சிங்களத்திற் கல்லோயா எனப்படும் இவ்வாறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைச்சாரலில் உற்பத்தியாகி, ஏறத்தாழ 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தொலைவிற் கடலையடைகின்றது. அவ்வணையைப் பற்றி எழுதப்பட்டவை பல. பொறியியலாளர் அதன் உயரத்தையும் கொள்ளளவையும் எழுதினர். அரசியலார் அதனைப் பெருமையாகவோ பெருங்கொடுமையாகவோ எழுதினர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் அணையின் அருகில் நின்றே நோக்கினர். வாய்க்காலின் மறுமுனையில், நீர் கடைசியாக வந்து சேரும் வாவிக்கரையில் நின்று நோக்குமிடத்து அதே வரலாறு வேறொரு வடிவம் கொள்கின்றது. எவ்வளவு நீர் என்ற வினாவைக் காட்டிலும், யார் கையால் நீர், எந்த நாளில் நீர் என்ற வினாக்களே அங்கு முதன்மை பெறுகின்றன.

அணைக்கு முற்பட்ட நிலையை முதலில் அறிதல் வேண்டும். பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கு பழைமையான நெல் வளமுடையது. தீகவாபியில் இன்றும் நிற்கும் தாதுகோபம் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துக் குடியிருப்பைச் சுட்டுகின்றது. பழைய குளங்கள் பல தூர்ந்து காடு மண்டிய பின்னரும் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலே செய்கை முற்றாக அற்றுப்போகவில்லை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளின் முசுலிம் விவசாயிகளும், வாவியை அடுத்த எருவில், போரதீவு, மண்முனைப் பற்றுகளின் தமிழ் விவசாயிகளும் மழையையும் சிற்றாறுகளையும் நம்பி வேளாண்மை செய்து வந்தனர். மாரி தொடங்குமுன் உழுது புழுதியிலே விதைத்து, வடகீழ்ப் பருவமழைக்குக் காத்திருப்பது பெருவழக்கு. ஆற்றோரத்து வயல்களுக்கு ஆண்டுதோறும் கம்பும் மண்ணும் கொண்டு அணை கட்டி நீர் திருப்புவர். வெள்ளம் வந்து அதனை அள்ளிச் செல்லும். அடுத்த ஆண்டு மீண்டும் கட்டுவர். இவ்வணை பொறியியல் நோக்கில் அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின் அதனைக் கட்டுவதற்கு ஒரு வட்டையைச் சேர்ந்த அனைவரும் ஒன்றுகூட வேண்டியிருந்தது. அக்கூட்டமே அந்நாளைய நீர்ப்பாசனத் திணைக்களம் என்றால் மிகையாகாது.

வட்டை என்பது ஒரே நீரைப் பகிரும் வயற்றொகுதி. அதற்குப் பொறுப்பாளர் வட்டவிதானை. எந்நாளில் விதைப்பது, எவர் வரம்பை எத்தனை முழம் கட்டுவது, வேலி எப்போது அடைப்பது, மாடுகளை எப்போது வயலினின்றும் அகற்றுவது என்பனவெல்லாம் அவர் கூட்டும் கூட்டத்திலே தீர்மானமாயின. பெருநிலமுடைய போடியாரின் சொல்லுக்கு அக்கூட்டத்தில் நிறை கூடுதல் என்பதை மறைப்பதற்கில்லை. போடியாரிடம் நெல்லைக் கூலியாகப் பெற்று உழைத்த முல்லைக்காரன் அங்கு வாய் திறந்திருப்பானா என்பதும் ஐயமே. பழைய முறையைப் பொற்காலமாகப் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். எனினும் ஓர் உண்மை உண்டு: வயலிலுள்ளவனுக்கு நீர் யாருடைய முடிவினால் வருகின்றது என்பது தெரிந்திருந்தது. அம்முடிவை எடுத்தவனின் வீடும் அவ்வெழுவான்கரையிலேயே இருந்தது.

ஆங்கிலேய ஆட்சியினர் இம்முறையை அழிப்பதிலும் பயன்படுத்துவதிலேயே நாட்டங் கொண்டனர். 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாகவிருந்த சேர் ஹென்றி வார்ட் மட்டக்களப்புப் பகுதியின் நெல் வளத்தில் தனியக்கறை காட்டினார். இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களின் திருத்தம் அவர் காலத்திலே தொடங்கியது. அவருடைய காலத்தில் நிறைவேறிய 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், செய்கையாளரின் பெரும்பான்மை விருப்பப்படி பழைய நீர் வழக்கங்களை மீட்டு, அவை பற்றிய பிணக்குகளை நீதிமன்றின்றி ஊரிலேயே தீர்த்துக்கொள்ள வழி செய்தது. அன்றைய ஆட்சியாளர் வரி வருமானத்தை மனத்திற் கொண்டே இதனைச் செய்தனர் என்பது வெளிப்படை. ஆயினும் வழக்கத்திற்கு எழுத்து வடிவும் சட்ட வலுவும் கிடைத்தமை குறிப்பிடத்தக்கது.

இத்தனையும் இருந்தும் பள்ளத்தாக்கின் மேற்பகுதி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் காடாகவே கிடந்தது. அங்கு வேடரும் சிற்சில சிற்றூர்களுமே இருந்தன. மலேரியாவே இதற்கு முதற் காரணம். 1945 ஐ அடுத்த ஆண்டுகளில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு அந்நோய் விரைந்து தணிந்தமை உலர்வலயக் குடியேற்றத்திற்குக் கதவைத் திறந்தது. விடுதலை பெற்ற இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க நெடுங்காலமாகக் காணி அமைச்சராக இருந்து இத்திட்டங்களை மனத்திற் கொண்டிருந்தவர். 1949 இல் சட்டத்தின் வழி கல்லோயா அபிவிருத்திச் சபை தோற்றுவிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல் அமைந்த தெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையும், இந்தியாவில் 1948 இல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனமும் உலகெங்கும் புகழ் பெற்றிருந்த காலம் அது. ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே சபையின் கையில் ஒப்படைத்து, அணை, மின்சாரம், வீதி, குடியேற்றம், ஆலை அனைத்தையும் அச்சபையே செய்து முடிக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அச்சபைக்கு வட்டை இல்லை, வட்டவிதானையும் இல்லை.

மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் 1949 இல் வேலையைத் தொடங்கி, வியக்கத்தக்க விரைவில் அணையை எழுப்பியது. ஏறத்தாழ 3,600 அடி நீளமான மண்ணணை. அதன் பின்னே 770,000 ஏக்கர்-அடி நீரைக் கொள்ளும் நீர்த்தேக்கம். ஓர் ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்திற்கு நிற்கும் நீர் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பருமை விளங்கும். 1952 மார்ச்சிற் காலமான பிரதமரின் பெயரால் அது சேனநாயக்க சமுத்திரம் எனப்பட்டது. அணையிலிருந்து பிரிந்த நீர் மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்டது. இடதுகரை வாய்க்கால்கள் உகனை வழியாக வடக்கும் வடகிழக்குமாகச் சென்று புதிய காணிகளுக்குப் பாய்ந்தன. அவற்றுள் மண்டூர்க் கிளை வாய்க்கால் வாவியை நோக்கியது. வலதுகரை தனியாயிற்று. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பழைய வயல்கள் 'ஆற்றுப் பிரிவு' எனப் பெயர் பெற்றன. பல நூற்றாண்டு உழுத நிலம் ஆவணத்தில் ஒரு 'பிரிவு' ஆனமை நோக்கத்தக்கது.

அணை செய்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஆற்று வெள்ளத்தின் வேகம் தணிந்தது. பழைய வயல்கள் பலவற்றிற்குச் சிறுபோகம் என்பது அரிதிற் கிடைக்கும் பேறாக இருந்த நிலை மாறி, ஆண்டில் இருமுறை விதைக்கும் வாய்ப்பு உண்டானது. மழை பிந்தினாற் பட்டினி என்ற நெடுநாளைய அச்சம் பல ஊர்களில் அகன்றது. ஆயின் பாசன அமைப்பு ஒன்றின் இயல்பை உணர்ந்தாலன்றிக் கடைமடையின் குறையை விளங்கிக்கொள்ள முடியாது.

நீண்ட வாய்க்கால் ஒன்றிலே தலைமடைக்காரனுக்கு நீர் முதலில் வருகின்றது. அது போதுமா என்பதில் அவனுக்கு நம்பிக்கை இல்லையெனின் தேவைக்கு மேலாக எடுத்து வயலில் நிறுத்தி வைப்பான். களை எடுக்கும் வேலையும் அதனாற் குறையும். அவனுக்குக் கீழுள்ளவன் எஞ்சியதை எடுப்பான். இறுதியிலிருப்பவனுக்கு நீர் வரும் நாள் தெரியாது. வந்தால் எவ்வளவு என்பதும் தெரியாது. தெரியாத காரணத்தால் அவன் இரவில் வக்கடையைத் திறந்தே விட்டுப் படுப்பான். வந்த நீரும் ஒரே வயலில் வழிந்து வீணாகும். தலைமடையிலும் கடைமடையிலும் நீர் வீணாவதற்குக் காரணம் பேராசையன்று, நம்பிக்கையின்மையே. கதவு உடைந்தால் நம்பிக்கை மேலும் குறையும். நம்பிக்கை குறைந்தால் கதவு மேலும் உடைக்கப்படும். சேனநாயக்க சமுத்திரமோ திட்டமிட்டோர் எண்ணியது போல அடிக்கடி நிரம்பவில்லை; அது வான் பாய்ந்த ஆண்டுகள் அரியன. இடதுகரையில், வகுக்கப்பட்டதிலும் கூடுதலான நிலம் காலப்போக்கிற் செய்கைக்கு வந்தது. குறைந்த நீர், கூடிய நிலம், நீண்ட வாய்க்கால் என்னும் மூன்றும் கூடியபோது குறை முழுவதும் வாய்க்காலின் முனைக்கே வந்து சேர்ந்தது.

இம்முனையில் யார் இருந்தனர் என்பதே வரலாற்றின் கசப்பான பகுதி. கல்லோயாவில் ஏறத்தாழ 40 குடியேற்ற ஊர்கள் அமைக்கப்பட்டன. மலைநாட்டிலிருந்தும் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் நிலமற்ற சிங்களக் குடும்பங்கள் பெருமளவிற் கொண்டுவரப்பட்டு இடதுகரையின் மேற்பகுதியிற் குடியமர்த்தப்பட்டன. தமிழரும் முசுலிம்களும் பெற்ற காணிகள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் அமைந்தன. நீரின் மேடு பள்ளமும் இனத்தின் எல்லையும் ஒன்றன்மேலொன்று படிந்தன. இதனைத் திட்டமிட்ட சூழ்ச்சி என்பாரும், நிலவமைப்பின் விளைவு என்பாரும் உளர். குடியேறியவர்களும் வறியவரே என்பதும், அவர்களுட் பலர் தம் ஊரில் ஒரு முழ நிலமும் இல்லாதிருந்தவர் என்பதும் மறக்கத்தக்கனவல்ல. ஆயின், தம் முன்னோர் தோணியிற் கடந்து சென்று உழுத நிலத்தின் மேற்புறமெங்கும் தம்மைக் கேளாமலே ஒரு புதிய உலகம் எழுந்ததைக் கண்ட வாவிக்கரையாருக்கு, அதன் நோக்கத்தைப் பற்றிய ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

அவ்வையம் நான்கைந்து ஆண்டுகளிலேயே குருதியில் தோய்ந்தது. 1956 யூன் 5 ஆம் நாள் தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்திற்கு வந்தது. அதனையொட்டிக் கொழும்பில் தொடங்கிய வன்முறை சில நாட்களிற் கல்லோயாப் பள்ளத்தாக்கை எட்டி, அங்கு தமிழ்க் குடியேற்றக்காரரும் தொழிலாளரும் தாக்கப்பட்டனர். இறந்தோர் 150 பேர் வரை என மதிப்பிடுவோர் உளர். சுதந்திர இலங்கையில் தமிழருக்கெதிராக நிகழ்ந்த முதற் பெருங் கொலை இதுவென்பர். அது நிகழ்ந்த இடம் தலைநகரன்று, ஒரு நீர்ப்பாசனத் திட்டம் என்பது ஆராய்ச்சியாளரின் சிந்தனைக்குரியது. தப்பியோர் பலர் கிழக்குக் கரையூர்களை நாடி வந்தனர்.

அடுத்த ஆண்டு, 1957 யூலை 26 இல், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தபோது, குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உரியதென ஏற்கப்பட்டது. ஆயின் கல்லோயாச் சபையின் ஆட்சியிலிருந்த பகுதியைப் பற்றி மட்டும், அது மேலும் ஆராயப்பட வேண்டியது என்ற அளவில் விடப்பட்டது. உடன்படிக்கையைப் பற்றிப் பேசுவோர் இச்சிறு வாசகத்தை அதிகம் கவனிப்பதில்லை. எவ்விடத்தின் பொருட்டு அச்சம் மிகுந்திருந்ததோ அவ்விடமே முடிவின்றி விடப்பட்டது. 1958 ஏப்பிரலில் உடன்படிக்கை கைவிடப்பட்டபோது ஆராயும் வாய்ப்பும் உடன் மறைந்தது.

1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதன் அரசியல் விளைவுகள் பலராலும் பேசப்பட்டவை. பாசனத்தைப் பொறுத்தவரை நேர்ந்தது இதுவே: அணையும் வாய்க்கால்களின் தலைப்பகுதியும் ஒரு கச்சேரியின் கீழும், வாவிக்கரை வயல்கள் மற்றொரு கச்சேரியின் கீழும் வந்தன. போரதீவுப்பற்று வயல்களுக்கு நீர் தரும் நவகிரிக் குளம் போன்றவற்றின் செய்தி மட்டக்களப்பிலும், இங்கினியாகலை நீர்மட்டத்தின் செய்தி அம்பாறையிலும் பேசப்பட்டன. இவற்றோடு 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் வட்டவிதானையின் பழைய பதவியை அகற்றி, அவ்விடத்திற் செய்கைக் குழுக்களை வைத்தது. குத்தகைக் குடியானவனைப் பாதுகாக்கும் அச்சட்டத்தின் நோக்கம் உயர்ந்ததே. போடியாரின் பிடியிலிருந்த பலருக்கு அது தேவைப்பட்டதே. ஆயின் நீர் பங்கிடுபவன் யார் என்பதைப் பொறுத்தவரை, பழையவன் போனான், புதியவன் வேரூன்றவில்லை. சபை, திணைக்களம், குழு, பின்னர் வந்த வேறு சட்டங்கள் எனப் பெயர்கள் மாறினவே தவிர, கடைமடை விவசாயி தன் நீருக்காக யாரிடம் சென்று முறையிடுவது என்பது தெளிவாகவில்லை.

திட்டத்தை மதிப்பிட அரசு அமைத்த குழு, கேம்பிறிட்ஜ் புவியியலாளர் பி. எச். பாமரின் தலைமையில் ஆராய்ந்து, 1970 இல் வெளியான அறிக்கையிலே, திட்டத்துக்குச் செலவானது அதன் பயனிலும் கூடியதெனக் கண்டது. பொருளியற் கணக்கு இதுவாயின், வயலின் கணக்கு வேறு. 1970களின் இறுதியில் இடதுகரையின் கதவுகளுட் பெரும்பாலானவை பழுதுற்றுக் கிடந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன, முனைக்கு நீர் எட்டாத போகங்கள் பல. இந்நிலையில், 1979 ஐ அடுத்து, அமெரிக்க உதவியுடன் இடதுகரைத் திருத்த வேலை தொடங்கிற்று. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இதிற் பங்கு கொண்டன. வேலை சிமெந்திலும் இயந்திரத்திலும் மட்டும் தொடங்கவில்லை என்பதே அதன் சிறப்பு. 1981 முதல், இளைஞரும் யுவதியருமான ஒழுங்கமைப்பாளர் சிலர் ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் விவசாயிகளுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒரே வயல் வாய்க்காலைப் பகிரும் பத்துப் பதினைந்து பேரைச் சந்தித்துக் குறை கேட்டனர்.

அவ்வாண்டுச் சிறுபோகத்திற் குளம் கால்பங்களவே நிரம்பியிருந்தது. யாவரும் பூசலையே எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. விவசாயிகள் தாமாகவே கூடி, ஆண்டுக்கணக்கிற் சேறு படிந்து கிடந்த வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தனர். முறை வைத்து நீர் எடுத்தனர். மிச்சமான நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டனர். மேலிருந்தோர் பெரும்பாலும் சிங்களவர், கீழிருந்தோர் பெரும்பாலும் தமிழர். இம்முயற்சியில் ஈடுபட்ட நோமன் அப்ஹொவ் 1992 இல் இது பற்றி விரிவான நூலொன்று எழுதினார். 1956 இல் வெட்டுக்குத்து நிகழ்ந்த அதே பள்ளத்தாக்கில், கால் நூற்றாண்டு கழித்து, வெளியே இனக்கலவரங்கள் மூண்டிருந்த அதே ஆண்டுகளில், வாய்க்கால் வழியே இவ்வொழுங்கு ஏற்பட்டது. 1997 சிறுபோகத்திலும், முழுப்பரப்புக்கும் நீர் போதாதென அதிகாரிகள் கருதியபோது, விவசாய அமைப்புகள் உள்ளதைப் பங்கிட்டுப் பரப்பு முழுவதையும் விளைவித்தன. இதனை இன ஒற்றுமையின் வெற்றியென மிகைப்படுத்துவது தவறாகும். அவ்விவசாயிகளின் அரசியற் கருத்துகள் மாறின என்பதற்கு ஆதாரம் தேவை. மாறியது ஒன்றே: கீழிருப்பவன் யாரென்பது மேலிருப்பவனுக்குத் தெரிய வந்தது, நீர் வரும் நாள் கீழிருப்பவனுக்குத் தெரிய வந்தது. வட்டையின் பழைய கூட்டம் செய்த வேலையின் ஒரு பகுதி இதுவே. போடியாரின் நிழல் இம்முறை இல்லை என்பது வேறுபாடு.

வாவிக்கரை ஊர்கள் அனைத்திற்கும் இவ்வொழுங்கின் பயன் எட்டியது என்று கூறுவதற்கில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து படுவான்கரை போர்க்களமாயிற்று. தோணித்துறைகள் காவலரண்களாயின. எழுவான்கரையாரிற் பலர் தம் வயலைக் காணாமலே ஆண்டுகளைக் கழித்தனர். காணச் சென்ற சிலர் மீளவில்லை. ஆளில்லாத வாய்க்காலைக் காடு மூடும். காடு மூடியவிடத்து யானை வரும். 2007 இற் படுவான்கரை அரச படைகளின் கைக்கு மாறிய பின்னரும் யானைகள் போகவில்லை. வெல்லாவெளி, போரதீவுப் பக்கத்து விவசாயி இரவிற் பரணிற் காவலிருக்கும் வழக்கம் இன்றும் தொடர்கின்றது. 2014 ஏப்பிரலில் யப்பானிய உதவியுடன் அமைந்த மண்முனைப் பாலம் திறக்கப்பட்டமை, தெற்கேயுள்ள பட்டிருப்புப் பாலத்தோடு சேர்ந்து, தோணியின் பழைய ஆட்சியைக் குறைத்தது. காலையில் மோட்டார்ச் சைக்கிளிற் சென்று மாலையில் மீளும் தலைமுறைக்கு வாடி வாழ்வும், களவெட்டியிற் சூடு மிதிக்கும்போது நெல்லைப் 'பொலி' என வழங்கிய மறைமொழியும் முதியோர் சொல்லக் கேட்கும் செய்திகளே.

வாவியைப் பற்றிக் கூறாவிடின் இவ்வரலாறு குறையுடையதாகும். மேலே எடுக்கப்படும் நீருக்கு மட்டுமன்றி, கீழே வடிகின்ற நீருக்கும் கடைமடையே பொறுப்பாளி. வயல்களின் வடிநீர் வாவியிற் சேர்கின்றது. வாவியின் வாய்களோ ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. கடலலை கொணரும் மணல், மட்டக்களப்பு முகத்துவாரத்தையும் கல்லாற்று முகத்துவாரத்தையும் மாறி மாறி அடைக்கும். மாரியில் நீர் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும். எந்நாளில் வெட்டுவது? நெற்கதிர் நீரில் அமிழ்ந்து கிடக்கும் படுவான்கரை விவசாயி இன்றே வெட்ட வேண்டுமென்பான். வாவி நீர் ஒரேயடியாகக் கடலுக்கு ஓடிவிட்டால் மீனும் இறாலும் என்னாகும் என மீனவன் கேட்பான். எழுவான்கரைத் தோட்டக்காரனுக்கோ உப்பு நீர் ஏறிக் கிணறு கெடுமோ என்ற அச்சம். இங்கினியாகலையில் எத்துணைப் பெரிய அணை கட்டினும், மட்டக்களப்பின் நெல்லை ஓராண்டு காப்பதும் கெடுப்பதும் சில யார் அகலமுள்ள ஒரு மணற்றிட்டை எந்நாளில் வெட்டுவது என்ற முடிவிலே தங்கியிருப்பதுண்டு. 2011 சனவரி வெள்ளத்தில் மாவட்டமே நீரில் மூழ்கி, அறுவடையை நெருங்கிய பெரும்போக நெல் அழிந்தபோது இது மீண்டும் உணரப்பட்டது. அப்போதும் மண்வெட்டியோடு முகத்துவாரத்தில் நின்றவர்கள் அக்கம்பக்கத்து ஊரவரே. உத்தரவுக்காகக் காத்திருந்தது கச்சேரியின் தொலைபேசியின் முன்னால்.

இன்று ஒவ்வொரு போகத்திற்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. குளத்தின் நீர்மட்டம் அறிவிக்கப்படுகின்றது. விதைப்பு நாளும் நீர் திறக்கும் நாளும் நிறுத்தும் நாளும் குறிக்கப்படுகின்றன. கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் அமர்கின்றனர். அக்கூட்டத்தில் எழும் வாக்குவாதங்களை எவரேனும் ஆண்டு வாரியாகக் குறித்து வைத்தால், பல்கலைக்கழகத்து வரலாற்று மாணவருக்கு அவை அணையின் கல்வெட்டினும் பயனுள்ள ஆவணமாகும். வட்டவிதானைமாரின் குறிப்பேடுகள், போடியார் வீட்டுப் பெட்டகங்களிலுள்ள காணி உறுதிகள், அவண விதைப்பு, மரைக்கால் விதைப்பு எனக் கணக்கிட்ட பழைய வயல்களின் பெயர்கள், தோணித்துறை முதியவரின் நினைவுகள் என்பன, 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும் போரும் விட்டுவைத்த அளவில், எழுவான்கரை வீடுகளில் எங்கேனும் எஞ்சியிருக்கலாம். கரையானும் உப்புக்காற்றும் அவற்றை நெடுநாள் விட்டுவைக்கமாட்டா.